எர்னஸ்ட் வீட்டில் சாவு கிடையாது

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறாம் வருஷம் பிப்ரவரி மாதம் பதினேழாம் தேதி, திங்கட்கிழமை காலை பத்து மணியிலிருந்து சித்தூரில் இனி யாரும் சாகப்போவதில்லை என்று எர்னஸ்ட் அறிவித்தான். அறிவித்த இடம் கோயில் வாசல். அதற்கு முந்தின நாள், ஞாயிறு ஆராதனை முடிந்து சபையார் செருப்புத் தேடிக்கொண்டிருந்த நேரம். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. பி.எஸ்ஸி. பௌதிகத்தில் ஒரே ஒரு பேப்பர் பாக்கி வைத்திருந்தவனுக்கு உரிய நிதானத்தோடு சொன்னான்.

"அது ஆண்டவரோட டிபார்ட்மென்ட் ஆச்சே, தம்பி," என்றார் போதகரான சபை ஐயர்.

"அவரு கடைசி நாள்ல எழுப்பட்டும், ஐயா. அதுவரைக்கும் ஆளுங்க நடமாடுறதையும் பேசுறதையும் நான் பாத்துக்கறேன். எங்கிட்ட வீடியோ காமிரா வந்துட்டுது."

காமிரா குவைத்திலிருந்து வந்திருந்தது. அனுப்பியவன் எர்னஸ்டின் மனைவி யூனிஸுக்கு அண்ணன், ஞானசிங். அண்ணனுக்கும் தங்கைக்கும் சொந்த ஊர் சூளூர்பேட்டை. யூனிஸைப் பெற்றெடுத்த அன்றே அவர்கள் அம்மா போய்விட்டாள். அப்போது ஞானசிங்குக்கு ஐந்து வயது. அம்மாவை ஒருவரும் ஒரு போட்டோகூட எடுத்து வைக்கவில்லை. அம்மா எப்படி இருப்பாள் என்று கேட்டால், உன்னை மாதிரியே என்று அண்ணனிடமும், உன்னை மாதிரியே என்று தங்கையிடமும் சொல்லி ஊர்க்காரர்கள் தப்பித்துக்கொண்டார்கள். இருவருக்கும் ஜாடையே கிடையாது.

காமிராப் பெட்டிக்குள் ஒரு கடிதமும் இருந்தது. 'மச்சான், இதை வைத்து நீங்கள் என்ன தொழில் வேண்டுமானாலும் செய்யுங்கள். தங்கச்சிக்குப் பிரசவம் ஆவதற்கு முன்னால் அவள் முகத்தையும் பேச்சையும் எடுத்து எனக்கு அனுப்ப வேண்டும். நான் கேட்பது அது ஒன்றுதான்.' யூனிஸுக்கு அப்போது மூன்றாம் மாதம்.

கிரீம்ஸ்பேட்டை வீட்டில் ரோட்டைப் பார்த்த முன்னறையை எர்னஸ்ட் ஸ்டூடியோ ஆக்கினான். திருப்பதியில் கல்யாண வீடியோ எடுக்கிற கடையொன்றில் பதினைந்து நாள் ஒயர் சுமந்து கற்ற வித்தை முழுவதும் அந்த அறையில் இறங்கியது. லாரிச் சத்தம் உள்ளே வரக்கூடாது என்று சுவர் நெடுகக் கோணியை ஆணியடித்து, அதன்மேல் பழைய மெத்தைகளைத் தொங்கவிட்டான். ஜன்னலை அட்டை வைத்துப் பசை தடவி அடைத்தான். எண்ணெய் டின்னைப் பிளந்து, அதற்குள் ஆளுக்கு ஆயிரம் வாட் ஹாலஜன் பல்புகள் இரண்டை உட்கார வைத்தான். பின்னால் ஒரு நீலப் போர்வை. அது வானம், கொஞ்சம் சுருக்கம் விழுந்த வானம். ஃபேன் சத்தம் போடும் என்பதால் அதற்கு வேலையில்லை. நடுவில் ஒரு நாற்காலி. எதிரே மூன்று கால் மரச்சட்டத்தின் மேல் காமிரா. காமிராவுக்குப் பின்னால் தரையில் ஸ்டெபிலைசர். கரண்ட் ஏறி இறங்கும்போதெல்லாம் அது 'டக்' என்று நாக்கைச் சொடுக்கும்.

யூனிஸ் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள்.

"கதவைச் சாத்தினா பெட்டிக்குள்ள வெச்ச மாதிரி கீதுங்க," என்றாள்.

"எந்தப் பெட்டி?"

அவள் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள்.

காமிரா வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, பால் ஊற்ற வரும் செங்கம்மா முன்னறையைத் தாண்டும்போது முந்தானையை மோவாய் வரைக்கும் இழுத்து மூடிக்கொண்டு போனாள். கண் தெரியாமல் ஒருநாள் வாசற்காலில் இடித்துக்கொண்டாள். பால் சிந்தவில்லை, நெற்றி வீங்கியது.

"இன்னா செங்கம்மா, மாப்பிள்ளை பாக்க வந்தாங்களா?" என்றான் எர்னஸ்ட்.

"அது கண்ணுல பட்டா ஆயுசு கொறையும், நைனா."

"ஆயுசு இன்னா உன் பாலா? தண்ணி ஊத்தினா கூடுறதுக்கும், வடிச்சா கொறையறதுக்கும்?"

"நீ படிச்சவன். எனக்கு நாலு புள்ளைங்க கீதுங்க."

இதை எர்னஸ்ட் டீக்கடையில் நடித்துக் காட்டினான். துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு, தடவித் தடவி நடந்து, பெஞ்சில் முட்டிக்கொண்டு விழுவான். நல்ல வரவேற்பு. தினமும் இரண்டு காட்சி நடந்தது.

போர்டு எழுதியதிலும் அவன் படிப்பு வேலை செய்தது. தெலுங்கு அவன் வாயில் தாராளமாக வரும், எழுத்தில் அரைகுறை. 'வீடியோ தீயபடுனு' என்று சாதாரணமாக எழுதினால் வீடியோ எடுக்கப்படும் என்று ஆகியிருக்கும். அது மொட்டையாக இருப்பதாக அவனுக்குப் பட்டது. நடுவில் ஒரு 'வேய' சேர்த்தால் எடுத்து வைக்கப்படும் என்கிற கம்பீரம் வரும் என்று அவனே முடிவு செய்து, வீடியோவை விட்டுவிட்டு மனுஷனைப் போட்டு, எழுதிக் கொடுத்தான். போர்டு எழுதும் நாகபூஷணம் கொடுத்ததை எழுதுவார். படிக்கிற வழக்கம் அவருக்கு இல்லை. சிவப்பில், முழ உயர எழுத்தில் போர்டு ஏறியது: 'இச்சட மனுஷுலனு தீசிவேயபடுனு.'

முதலில் வந்து உட்கார்ந்தவர் ஜெபமணி. மிஷன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபத்தெட்டு வயது. வாலிபத்தில் நீவா நதி வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போய், ஒரு பனைமரத்தைப் பிடித்துப் பிழைத்த சாட்சியைச் சொல்ல வந்திருந்தார். சபையார் அதை ஏற்கெனவே அறுபது தரமாவது கேட்டிருந்தார்கள். இதுவே கடைசித் தரமாக இருக்கும் என்கிற நம்பிக்கையில்தான் அவரை அனுப்பி வைத்தார்கள்.

பனைமரம் கைக்கு அகப்படுகிற கட்டத்தில் ஜெபமணி பேச்சை நிறுத்தினார். தலையை இடது பக்கம் திருப்பி, யாரோ கூப்பிட்டதுபோலக் கோணிச் சுவரைப் பார்த்தார். சரி என்பதாகத் தலையாட்டினார். பிறகு திரும்பி மரத்தைப் பிடித்துக்கொண்டார்.

பதினோராம் நாள் அவர் காலமானார்.

துக்க வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு எர்னஸ்ட் டிவியும் கையுமாகப் போனான். ஜெபமணி திரையில் வந்து வணக்கம் சொன்னதும் பெண்கள் ஓவென்று அழுதார்கள். வெள்ளம் வந்தது, அழுகை நின்றது. மரம் வருவதற்குள் பின்வரிசையில் இரண்டு பேர் வெளியே போய்விட்டார்கள். செத்தும் அவர் சாட்சியில் ஒரு வரி குறைக்கவில்லை.

"பாத்தீங்களா ஐயா? எங்க செத்தாரு?" என்றான் எர்னஸ்ட்.

சபை ஐயர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எதைப் பாத்துத் தலையாட்டுறாரு, தம்பி?" என்றார்.

ஏப்ரலில் முனியப்பன் வந்தார். சாந்திபுரத்துப் பக்கம் கிராமம், ஐம்பது வயது, கரும்பு வெட்டி இறுகிய உடம்பு. மகன் குவைத்தில் லாரி ஓட்டினான். திருப்பதி மலையடிவாரம் அலிபிரியிலிருந்து நடந்தே மலையேறுவதாக மகனுக்காக வேண்டியிருந்தார். போகிற வழியில் அவனோடு நாலு வார்த்தை பேசிவிட்டுப் போகலாம் என்று இறங்கினார். அவர் மனைவி செல்லியம்மா கதவுக்கு வெளியிலேயே நின்றுகொண்டாள்.

"இன்னா பேசணும், சார்?"

"புள்ளைகிட்ட எப்பவும் பேசுற மாதிரி பேசுங்க."

"எப்பவும் திட்டுவேன்."

"அப்ப திட்டுங்க."

முனியப்பன் மகனை மனம்விட்டுத் திட்டினார். ஒழுங்காகத் துன்றானா, குளிக்கிறானா, சேர்க்கை சரியில்லையா என்று திட்டிக்கொண்டே வந்தவர் பாதி வசவில் நின்று இடது பக்கம் திரும்பினார். கொஞ்சநேரம் பார்த்தார். "ஆங், வரேன்," என்றார். பிறகு விட்ட இடத்திலிருந்து திட்டினார்.

மறுநாள் அலிபிரியில் நூறு படி தாண்டவில்லையாம். ஒரு படியில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார்.

பத்து நாள் கழித்துச் செல்லியம்மா தனியாக வந்தாள். இந்தத் தடவையும் உள்ளே வரவில்லை.

"அவரு அந்தப் பொட்டிக்குள்ளதானே கீறாரு? தொறந்து வுடு, நைனா. இட்டுக்கினு போறேன்."

"அது வெறும் படம்மா. ஆளு இல்ல."

"பேசறாருன்னாங்களே."

"பேசுவாரு. ஆனா கேசட்டை குவைத்துக்கு அனுப்பிட்டேன்."

செல்லியம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். "அப்ப புள்ளைகிட்டப் போயி சேந்துட்டாரு," என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

எர்னஸ்ட் அன்று சாயங்காலமே இதை டீக்கடையில் நடித்துக் காட்டினான். குரல்கூட அப்படியே வந்தது. ஆனால் யாரும் சிரிக்கவில்லை. மண்டல் ஆபீசில் தெலுங்கில் கோப்பு எழுதும் அவன் சிநேகிதன் சண்முகம் மட்டும் தொண்டையைச் செருமினான்.

"ஏம்ப்பா எர்னஸ்டு, உன் போர்டை நீ படிச்சியா?"

"நான்தானே எழுதிக் குடுத்தேன்."

"தீயபடுனுன்னா எடுக்கப்படும். தீசிவேயபடுனுன்னா நீக்கப்படும். இங்கே மனுசங்களை நீக்கப்படும்னு எழுதி, வாசல்ல மாட்டி வெச்சிக்கினு கீறே. ரெண்டு மாசமா ஊரே படிச்சிச் சிரிச்சிக்கினு இருந்திச்சி. இப்ப சிரிக்கிறதை விட்டுட்டாங்க."

எர்னஸ்ட் டீயை உறிஞ்சி முடித்தான். "ரெண்டெழுத்து ஆளைக் கொல்லுமாடா? எழுத்துக்குப் பயந்து போர்டை எறக்கினா, நாளைக்கு எலுமிச்சம்பழம் கட்டச் சொல்லுவீங்க." போர்டு இறங்கவில்லை.

ஆனால் வீட்டில் யூனிஸ் இருந்தாள். எடுத்த கேசட்டைப் போட்டுச் சரிபார்ப்பது அவள் வேலை. ஜெபமணி கேசட்டையும், குவைத்துக்கு அனுப்புவதற்கு முன் முனியப்பன் கேசட்டையும் அவள்தான் பார்த்திருந்தாள்.

"ரெண்டு பேரும் ஒரே பக்கம் திரும்புறாங்க," என்றாள், அரிசி களைந்தபடியே.

"ஸ்டெபிலைசர் 'டக்'குங்குது இல்ல? அந்தச் சத்தத்துக்குத் திரும்புறாங்க. இது சயின்ஸ்."

யூனிஸ் அரிசித் தண்ணீரை வடித்தாள். "ஸ்டெபிலைசர் காமிராவுக்குப் பின்னாலதானே இருக்கு?"

அன்று சோறு கொஞ்சம் குழைந்துவிட்டது. அதைப் பற்றியே எர்னஸ்ட் நெடுநேரம் பேசினான்.

மே மாதம் கன்னையா வந்தான். இருபத்திரண்டு வயது. அவனும் குவைத்துக்குத்தான், பம்பாய் வழியாகக் கிளம்பிக்கொண்டிருந்தான். போவதற்கு முன் அம்மாவுக்கு முகத்தை விட்டுவிட்டுப் போக வேண்டுமாம். உதட்டுக்கு மேல் மீசை இப்போதுதான் சம்மதம் கொடுத்திருந்தது. இவனை எடுப்பதில் ஒரு வில்லங்கமும் இல்லை என்று எர்னஸ்ட் நினைத்தான். காளை மாதிரி இருக்கிறான். இவனையே ஊருக்கு உதாரணமாகக் காட்டலாம்.

காமிராவில் கண் வைக்கிற குட்டிக் கண்ணாடியில் எல்லாம் கருப்பு வெள்ளையாகத் தெரியும். அதற்குள் கன்னையா விரல் நீளத்துக்கு உட்கார்ந்து, அம்மா, கோழியை விற்காதே என்று சொல்லிக்கொண்டிருந்தான். அப்போது நிறுத்தினான். இடது பக்கம் திரும்பினான். ஸ்டெபிலைசர் சத்தம் போடவில்லை. யூனிஸ் வீட்டில் இல்லை, ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள்.

"எதைப் பாத்தே?" என்று எர்னஸ்ட் காமிராவை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

"கூப்ட்டாங்களே, சார்."

"பேர் சொல்லியா?"

"பேர் சொல்லல. வான்னு மட்டும் கேட்டுது. நீங்க இல்லியா?"

எர்னஸ்ட் இடது பக்கச் சுவருக்குப் போய் மெத்தையைத் தூக்கிப் பார்த்தான். கோணி. கோணியை விலக்கினான். சுவர். சுவரில் வாழ்க்கைப்பட்ட ஒரு பல்லி.

"வெயிலு," என்றான். "தண்ணி நெறையக் குடி. பம்பாய் போய்ச் சேந்ததும் ஒரு கார்டு போடு, என்ன?"

"எதுக்கு, சார்?"

"சும்மாதான்."

கன்னையா கார்டு போடுவதாகச் சொல்லிவிட்டுப் போனான். பதினோரு மணித் தபாலுக்காக எர்னஸ்ட் தினமும் வாசலில் நிற்கத் தொடங்கினான். தபால்காரர் ஒரு வாரம் தலையசைத்தார். இரண்டாம் வாரம் கையை விரித்தார். மூன்றாம் வாரம் எதிர்ச்சாரியில் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

ஸ்டூடியோவுக்கு ஆள் வரத்து நின்றது என்று சொல்ல முடியாது. வேறு மாதிரி ஆட்கள் வந்தார்கள். முனிரத்தினம் என்று ஒருவர் மோட்டார் சைக்கிளைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தார். பத்து வருஷமாக நில வழக்கு நடத்துகிறவராம்.

"பங்காளி ஒருத்தன் கீறான், சார். நல்லா பேசுவான். ஒரு பத்து நிமிசம் அவனைப் புடிச்சிக் குடுக்க முடியுமா?"

"எதுக்கு?"

முனிரத்தினம் போர்டை அண்ணாந்து பார்த்தார். "நீங்களே எழுதிப் போட்டுட்டு என்னைக் கேக்கறீங்களே," என்றார் மரியாதையாக. "அவன் வரலேன்னா, அவன் போட்டோவை உட்கார வெச்சிப் புடிச்சாலும் போதுமா?"

அவர் போன பிறகு எர்னஸ்ட் ஏணி வைத்து ஏறிப் போர்டை இறக்கினான். மழைக்கு வீணாகிவிடும் என்று யூனிஸிடம் காரணம் சொன்னான். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

ஜூன் மாதம் ஞானசிங்கின் கடிதம் வந்தது. தன்னோடு வேலை பார்க்கும் இன்பசேகரன் விடுமுறைக்கு ஊருக்கு வந்திருக்கிறான், வியாழக்கிழமை குவைத்துக்குத் திரும்புகிறான்; அவன் கையில் தங்கச்சி கேசட்டைக் கட்டாயம் கொடுத்தனுப்ப வேண்டும். யூனிஸுக்கு ஏழு மாதம் முடிந்திருந்தது.

திங்கட்கிழமை கரண்ட் பலவீனமாக இருப்பதாக எர்னஸ்ட் சொன்னான். செவ்வாய்க்கிழமை ஒரு பல்பு கெட்டுவிட்டதாகச் சொன்னான். யூனிஸ் சுவிட்சைப் போட்டாள், எரிந்தது. புதன்கிழமை காலையில் பின்னாலிருக்கும் வானம் சுருங்கிக் கிடப்பதாகச் சொன்னான். யூனிஸ் போர்வையைக் கழற்றி, இஸ்திரி போட்டு, திரும்ப மாட்டினாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"ஆளுக்கு பதிலா ஒரு லெட்டர் எழுதேன்," என்றான் எர்னஸ்ட். "உன் கையெழுத்து நல்லாத்தானே இருக்கும்."

"எங்கம்மாவும் கையெழுத்து போடுவாங்களாம். அது ஒரு நோட்டுல இருக்கு. அதை வெச்சிக்கினு அண்ணன் இன்னா பண்ணுது?" அவள் அவனை நேராகப் பார்த்தாள். "உங்களுக்குப் பயமாங்க?"

"எனக்கா?"

அந்த வார்த்தை வாயை விட்டு வெளியே வந்த பிறகு வேறொன்றும் சொல்ல வழியில்லை. பயமில்லாதவன் விளக்கைப் போட்டாக வேண்டும்; போட்டான்.

யூனிஸ் கோயிலுக்கு உடுத்தும் மஞ்சள் சேலையில் வந்து உட்கார்ந்தாள். வயிற்றின்மேல் முந்தானையைச் சரிசெய்தாள். கதவைச் சாத்தினான். அறை அடுப்பாயிற்று. அவள் நெற்றியில் வேர்வை அரும்பியது. விளக்கு கண்ணில் அடிக்கும்போது, உட்கார்ந்திருப்பவருக்கு எதிரே காமிரா ஒரு கருப்பு மொத்தையாகத்தான் தெரியும். அதன் நெற்றியில் ஒரு சிவப்புப் புள்ளி தெரியும், அவ்வளவுதான். எர்னஸ்ட் குட்டிக் கண்ணாடியில் கண் வைத்தான். யூனிஸ் விரல் நீளத்துக்கு அங்கே இருந்தாள். அவளுக்கு இடது பக்கம் கோணிச் சுவர் இருட்டாக இருந்தது.

"ஆரம்பிக்கலாமா?" என்றாள்.

"ஒரு நிமிஷம். ஃபோகஸ்."

அவன் காமிராவைச் சுற்றிக் கையை முன்னால் கொண்டுபோனான். லென்ஸைத் துடைக்கிறவன்போல உள்ளங்கையால் பொத்தினான். பிறகு சட்டைப் பையிலிருந்து அதன் மூடியை எடுத்து, சத்தமில்லாமல் அழுத்திச் செருகினான். யூனிஸ் சரிபார்ப்பதற்குள் இன்பசேகரனிடம் கொடுத்துவிட்டு, கஸ்டம்ஸில் காந்தம் பட்டுப் படம் மட்டும் அழிந்திருக்கும் என்று மச்சானுக்கு எழுதிக்கொள்ளலாம். பட்டனை அமுக்கினான். சிவப்புப் புள்ளி எரிந்தது.

"இப்ப பேசு."

"அண்ணா," என்றாள் யூனிஸ். "நல்லா கீறியா? நான் நல்லா கீறேன். என்னை நல்லா பாத்துக்க. இந்தப் பக்கம், அந்தப் பக்கம்." முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டியிருப்பாள், சேலை சரசரத்தது. "அம்மாவுக்குத்தான் யாருமில்லாமப் போச்சு. எனக்கு உன் மச்சான் கீறாரு. நிறுத்தி நிதானமா என்னை எடுத்துக்கினு கீறாரு."

எர்னஸ்ட் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. உள்ளே ஒரே கருப்பு.

"கொஞ்சம் சிரி," என்றான்.